திண்மக் கலவையைப் பிரித்தெடுப்பது எப்படி: இரும்புத்தூள், நவச்சாரம், உப்பு, மணல்

இரும்புத்தூள், நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு), உப்பு, மணல் ஆகிய நான்கையும் கலந்து 5 கிராம் கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று கேட்பது வேதியியல் ஆய்வகத்தின் பழைய பயிற்சி. காந்தம், சூடு, தண்ணீர் மூன்றும் போதும் என்பது பள்ளி மாணவருக்கும் தெரியும். ஆனாலும் கடைசியில் கூட்டிப் பார்த்தால் 92 வருகிறது, இல்லாவிட்டால் 106 வருகிறது. பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: வேலைகளைச் செய்த வரிசை தப்பியிருக்கும், அல்லது எடை போட்ட பொருளில் ஈரம் இருந்திருக்கும். இந்த இரண்டையும் கவனித்தால் சாதாரணக் கருவிகளை வைத்தே 98 முதல் 100 சதவீதம் வரை கணக்குக் காட்டலாம்.

முதலில் வரிசை

காந்தம், பிறகு பதங்கமாக்கல் (திண்மத்தை உருக்காமல் நேரே ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடிப்பது), பிறகு தண்ணீரில் கரைத்து வடிகட்டல், கடைசியில் வற்றவைத்தல். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு.

இரும்பை எடுக்காமல் சூடேற்றினால், நவச்சாரத்திலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு இரும்பைத் தின்னத் தொடங்கும். புனலில் வெள்ளையாகப் படியவேண்டிய பொடி மஞ்சளாகப் படியும். அந்த மஞ்சள் இரும்புக் குளோரைடு. இரும்பை எடுக்காமல் தண்ணீர் ஊற்றினாலும் கெடுதல்தான். உப்புநீரில் இரும்புக்குச் சீக்கிரம் துருப்பிடிக்கும், மணலும் வடிதாளும் காவி நிறமாகும், துருவின் எடை மணல் கணக்கில் ஏறும். அதனால் காந்தம் எப்போதும் முதலில், அதுவும் கலவை உலர்ந்திருக்கும்போது.

நவச்சாரத்தைத் தண்ணீருக்கு முன் வெளியேற்றுவது எதற்கு? 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீரில் நவச்சாரம் சுமார் 37 கிராம் கரையும், உப்பு 36 கிராம் கரையும். இரண்டையும் தண்ணீரால் பிரித்தறிய முடியாது. சேர்த்துக் கரைத்து, வற்றவைத்து, அந்த எச்சத்திலிருந்து நவச்சாரத்தை ஓட்டவும் முடியும்தான். ஆனால் அப்போது உப்புப் படிகங்களுக்கு நடுவே நவச்சாரம் சிக்கிக்கொள்ளும், சூடேற்றும்போது படிகங்கள் வெடித்துத் தெறிக்கும். எளிய வழி இருக்கும்போது அந்தச் சிக்கல் எதற்கு?

கலவையைத் தயார் செய்வது

கலவையை நீங்களே தயாரிப்பதாக இருந்தால் மூலப்பொருளில் கவனம் தேவை. கடல் மணலையோ ஆற்று மணலையோ அப்படியே போடக்கூடாது. சிப்பித் துண்டு, களிமண், கருமணல் மூன்றும் அதில் இருக்கும். மணலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரை அடங்கும்வரை ஊறவைத்து, தண்ணீர் கலங்காமல் வரும்வரை பலமுறை கழுவி, 110 டிகிரி ஓவனில் உலர்த்தி, கடைசியில் காந்தத்தை ஒருமுறை மேலே ஓட்டிக் கருமணலை நீக்கிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் இரும்பின் பங்கு உண்மையைவிடக் கூடுதலாக வரும்.

இந்தக் கருமணல் விஷயம் ஆய்வகத்துக்கு வெளியே பெரிய தொழில். கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட் போன்ற கனிமங்களைப் பிரிக்கிறார்கள். காந்தத்துக்கு இழுபடுமா, மின்சாரத்தைக் கடத்துமா என்ற இரண்டு பண்புகளும் அங்கே முக்கியமான அளவுகோல்கள். இல்மனைட் வலுவான காந்தத்துக்கு இழுபடும். ரூட்டைலும் சிர்க்கானும் இழுபடாது, ஆனால் ரூட்டைல் மின்கடத்தும், சிர்க்கான் கடத்தாது. அங்கேயும் ஒரு படிக்கு ஒரு பண்பு என்பதுதான் முறை.

உப்புக்குச் சமையல் உப்பு வேண்டாம். பாக்கெட் உப்பில் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள் தண்ணீரில் கரையாமல் கலங்கலாக நின்று மணலோடு சேரும். கல்லுப்பில் மெக்னீசியம் குளோரைடு இருப்பதால் எவ்வளவு உலர்த்தினாலும் திரும்ப ஈரம் இழுக்கும். ஆய்வகத் தர சோடியம் குளோரைடே நல்லது.

கொடுத்த கலவை கட்டிகட்டியாக இருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது என்று பொருள். வாட்ச் கிளாஸில் (குழிவான சிறு கண்ணாடித் தட்டில்) மெல்லப் பரப்பி, சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரத்தில்) ஓர் இரவு வையுங்கள். ஓவனில் நீண்ட நேரம் வைக்கவேண்டாம், நவச்சாரமும் கொஞ்சம் போய்விடக்கூடும். உலர்ந்த பிறகு கல்வத்தில் இட்டு மெதுவாகக் கட்டிகளை உடையுங்கள். உப்புப் படிகங்கள் பெரிதாக இருந்தால் அவையும் பொடியாகட்டும். பெரிய படிகத்துக்குள் அடைபட்ட நீர், பிறகு சூடேற்றும்போது படிகத்தை வெடிக்க வைக்கும்.

தேவையானவை: 0.01 கிராம் வரை காட்டும் தராசு, சட்டக் காந்தம், இரண்டு பீங்கான் கிண்ணங்கள், இரண்டு கண்ணாடிப் புனல்கள், வடிதாள், 50 மி.லி. பீக்கர் இரண்டு, கண்ணாடிக் கோல், வாட்ச் கிளாஸ், முக்காலி, கம்பி வலை, பர்னர், ஓவன், டெசிக்கேட்டர், சில்வர் நைட்ரேட் கரைசல் கொஞ்சம். கிண்ணங்களின் அடியில் பென்சிலால் எண் எழுதி, வெறும் எடையை முதலிலேயே குறித்துவிடுங்கள். மார்க்கர் மை சூட்டில் எரிந்து போகும், எடையும் மாறும்.

காந்தம்

5.00 கிராம் கலவையை எடை போட்டு, வழவழப்பான வெள்ளைத் தாளில் ஒரே மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். காந்தத்தை மெல்லிய தாளில் சுற்றிக்கொள்ளுங்கள். பாலித்தீன் உறை வசதியாகத் தோன்றும், ஆனால் காற்று வறண்டிருக்கும் நாளில் அதில் நிலைமின்னேற்றம் ஏறி உப்பும் நவச்சாரமும் மாவுபோல ஒட்டிக்கொள்ளும். சுற்றாத காந்தத்தைக் கலவைக்குள் நுழைத்தால் தூளை முழுதாக மீட்க முடியாது, முனைகளில் தாடி போலச் சிலிர்த்து நிற்கும் தூளை எவ்வளவு துடைத்தாலும் கொஞ்சம் ஒட்டியே இருக்கும்.

காந்தத்தைக் கலவையில் அமுக்காமல், ஏறக்குறைய 1 செ.மீ. உயரத்தில் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். இரும்புத்தூள் தானாகத் தாவி வரும். அமுக்கினால் தூள் இழைகளுக்கு நடுவே மணலும் உப்பும் மாட்டிக்கொண்டு கூடவே ஏறும். இன்னொரு தாளின் மேல் கொண்டுபோய், சுற்றிய தாளுக்குள்ளிருந்து காந்தத்தை உருவுங்கள். தூள் விழும். அப்படி விழுந்த தூளை மறுபடி பரப்பி, மறுபடி தூக்குங்கள். மூன்று முறை செய்தால் கூட வந்த மணலெல்லாம் பின்தங்கிவிடும். பின்தங்கியதை மூலக் கலவையோடு சேர்க்க மறக்கவேண்டாம். கடைசியில், சுற்றிய காந்தத்தால் மூலக் கலவையைக் கிளறிப் பாருங்கள். ஒரு துணுக்கும் ஒட்டாவிட்டால் அந்தப் படி முடிந்தது.

இரும்பை எடை போட்ட பிறகு, ஒரு சிட்டிகையை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு இளஞ்சூடாக்கிப் பாருங்கள். இரும்பு குமிழிட்டுக் கரையும். அடியில் நறநறவென்று ஏதாவது மிஞ்சினால் மணலைக் கூடவே தூக்கியிருக்கிறீர்கள்.

பதங்கமாக்கல்

இந்தப் படி முழுவதும் புகைப்போக்கி அறைக்குள் நடக்கவேண்டும். வெள்ளைப் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்.

மீதிக் கலவையை எடை தெரிந்த பீங்கான் கிண்ணத்துக்கு மாற்றி, கிண்ணத்தோடு எடை போடுங்கள். கிண்ணத்தின் வாயைவிடச் சற்றே சிறிய வாயுள்ள புனலைக் கவிழ்த்து வைத்து, அதன் காம்பில் பஞ்சைத் தளர்வாகச் செருகுங்கள். இறுக அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடிப் புனலைத் தூக்கும், புகை விளிம்பு வழியாக ஓடிவிடும். புனலின் வெளிப்பக்கத்தில் ஈர வடிதாள் துண்டு ஒன்றைச் சுற்றுங்கள். அது ஈரமாக இருந்தால் போதும், சொட்டக்கூடாது. சூடான பீங்கானில் ஒரு சொட்டு விழுந்தாலும் கிண்ணம் விரிசல் விடும்.

கிண்ணத்துக்கும் புனலுக்கும் இடையில் ஊசித் துளையிட்ட வடிதாள் வைப்பது வழக்கம், மேலே படிந்தது கீழே உதிராமல் அது தடுக்கும். கற்பூரத்துக்கும் நாப்தலீனுக்கும் அது சரி. நவச்சாரம் 338 டிகிரி அளவில் பதங்கமாகும் பொருள். அந்தச் சூட்டுக்கு அருகே தாள் பழுத்துக் கருகும், கரித்துகள் கிண்ணத்தில் விழும். அதனால் இங்கே தாள் வேண்டாம்.

பர்னரைச் சிறிய சுடரில் வைத்துக் கம்பி வலைக்கு அடியில் காட்டுங்கள். முதல் சில நிமிடம் ஒன்றும் நடக்காது. பொறுமை இழந்து சுடரைக் கூட்டுவதுதான் இங்கே வழக்கமான தவறு. திடீரென்று கிளம்பும் புகை புனலில் குளிர்வதற்கு நேரம் இல்லாமல் காம்பு வழியாகவே போய்விடும். புகை நிதானமாக வரும்படி பத்துப் பதினைந்து நிமிடம் சூடேற்றி, அணைத்து, புனல் முழுதும் ஆறிய பிறகு தூக்குங்கள். எச்சத்தைக் கண்ணாடிக் கோலால் கிளறி, கோலில் ஒட்டியதைத் திரும்பக் கிண்ணத்திலேயே தட்டிவிட்டு, மறுபடி சூடேற்றுங்கள். வெள்ளைப் புகை முற்றிலும் நின்றதும் டெசிக்கேட்டரில் ஆறவைத்து எடை போடுங்கள். இன்னும் ஐந்து நிமிடம் சூடேற்றி மறுபடி எடை போட்டு, இரண்டு எடைக்கும் வித்தியாசம் 0.01 கிராமுக்குள் வந்தால் நிறுத்தலாம். கிண்ணத்தில் இருக்கும் உப்பைப் பற்றிக் கவலை இல்லை, அதன் உருகுநிலை 801 டிகிரி.

நவச்சாரத்தின் அளவைப் புனலில் சுரண்டி எடுத்ததை வைத்துக் கணக்கிடாதீர்கள். கொஞ்சம் காம்பு வழியே போயிருக்கும், கொஞ்சம் விளிம்பில் கசிந்திருக்கும். கிண்ணத்தில் குறைந்த எடைதான் சரியான அளவு. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பொறி உண்டு: கலவையில் ஈரம் இருந்திருந்தால் அதுவும் நவச்சாரம் என்றே பதிவாகும். முதல் நாள் இரவு டெசிக்கேட்டரில் வைத்ததன் பயன் இங்கேதான் தெரியும்.

உண்மையில் நவச்சாரம் மற்றப் பொருள்களைப்போல அப்படியே ஆவியாவதில்லை. சூட்டில் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து, குளிர்ந்த இடத்தில் மறுபடி சேருகிறது. அம்மோனியா எடை குறைந்த வாயு என்பதால் வேகமாகப் பரவும். பஞ்சுக்கு மேலே ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைப் பிடித்தால் முதலில் அது நீலமாவதைப் பார்க்கலாம்.

தண்ணீர், வடிதாள்

கிண்ணத்தில் இப்போது மணலும் உப்பும் மட்டுமே. தண்ணீரை நிறைய ஊற்றினால் நன்றாகக் கழுவும் என்பது தவறான எண்ணம். ஊற்றும் ஒவ்வொரு சொட்டையும் பிறகு வற்றவைக்க வேண்டும். அளவைக் கூட்டாமல் தவணையைக் கூட்டுங்கள்.

கணக்கைப் பாருங்கள். மணலும் தாளும் சேர்ந்து 2 மி.லி. நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று வையுங்கள். 16 மி.லி. தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றி வடித்தால் உப்பில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம், மணலோடு தங்கிவிடும். அதே 16 மி.லி.யை 8, 4, 4 என்று மூன்று தவணையாக ஊற்றினால் முதலில் நான்கில் ஒரு பங்கு தங்கும், அடுத்தடுத்து அதில் மூன்றில் ஒரு பங்கு, அதிலும் மூன்றில் ஒரு பங்கு. மொத்தம் 36இல் ஒரு பங்கு, 3 சதவீதத்துக்கும் குறைவு. தண்ணீர் அதே அளவுதான்.

வடிதாளை முதலில் எடை போட்டுக்கொள்ளுங்கள். நான்காக மடித்துக் கூம்பாக்கி, புனலில் வைத்து, கழுவு புட்டியால் நனைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் கண்ணாடியோடு ஒட்டவையுங்கள். புனல் காம்பின் சாய்வான நுனி பீக்கரின் உட்சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். நீர் சுவரோடு வழியும், தெறிக்காது, வடிவதும் விரைவாகும். கிண்ணத்தில் 8 மி.லி. தண்ணீர் விட்டு இளஞ்சூடாக்கிக் கலக்கி, மணல் அடியில் படிய ஒரு நிமிடம் விட்டு, தெளிந்த நீரை மட்டும் கண்ணாடிக் கோல் வழியாகத் தாளில் இறுத்துங்கள். கோல் தாளின் மூன்று மடிப்பு உள்ள பக்கத்தை நோக்கி இருக்கட்டும், அந்தப் பக்கம் கிழியாது. தாளின் விளிம்புக்கு 1 செ.மீ. கீழேயே நீர்மட்டம் நிற்கவேண்டும். மணலைக் கடைசித் தவணையோடு தாளுக்கு மாற்றுங்கள். முதலிலேயே மணல் விழுந்தால் தாளின் துளைகள் அடைத்து வேலை இழுக்கும்.

முதல் சில மி.லி. கலங்கலாக வந்தால் அதை அதே தாளில் மறுபடி ஊற்றுங்கள், படிந்த மணலே நல்ல வடிகட்டி.

மூன்றாம் தவணை வடிந்த பிறகு, புனலிலிருந்து சொட்டும் நீரில் இரண்டு துளியை வாட்ச் கிளாஸில் பிடித்து, ஒரு துளி நீர்த்த நைட்ரிக் அமிலம், ஒரு துளி சில்வர் நைட்ரேட் விடுங்கள். வெண்மை படர்ந்தால் உப்பு இன்னும் இருக்கிறது. இன்னொரு 2 மி.லி. ஊற்றுங்கள். கழுவுவதற்கும் சோதனைக்கும் வாலை வடிநீர்தான் வேண்டும். குழாய்த் தண்ணீரே சில்வர் நைட்ரேட்டோடு வெளுக்கும், சோதனை முடிவே வராது.

மணலைத் தாளோடு ஓவனில் 105 முதல் 110 டிகிரியில் முக்கால் மணி நேரம் உலர்த்தி, டெசிக்கேட்டரில் ஆறவைத்து, தாளின் எடையைக் கழியுங்கள்.

வற்றவைத்தல்

உப்புநீரை இரண்டாவது கிண்ணத்தில் ஊற்றுங்கள். கிண்ணம் பாதிக்கு மேல் நிறையக்கூடாது. வற்றும்போது உப்பு கிண்ணத்தின் சுவரில் ஏறிக்கொண்டே போய் விளிம்பைத் தாண்டும், தாண்டியது கணக்கில் வராது. கொதிக்கும் தண்ணீர் உள்ள பீக்கரின் மேல் கிண்ணத்தை வைத்து, நீராவியில் வற்றவிடுங்கள். நேரடிச் சுடரில் வைத்தால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும், கெட்டியாகும் கட்டத்தில் உப்பு படபடவென்று வெடித்து மேசையெல்லாம் விழும். ஈரக் குழம்பு பதம் வந்ததும் வாட்ச் கிளாஸால் சிறு இடைவெளி விட்டு மூடி, ஓவனில் 110 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஆறவைத்து எடை, இன்னும் அரைமணி நேரம், மறுபடி எடை. 0.01 கிராமுக்குள் ஒத்துவரும்வரை தொடருங்கள்.

கிண்ணத்தைச் சூடாகத் தராசில் வைக்காதீர்கள். மேலே எழும் சூடான காற்று தட்டைத் தூக்கி எடையைக் குறைத்துக் காட்டும். வெளியே திறந்து ஆறவைத்தால் ஈரம் இழுத்து எடை கூடும். தூய உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கசியத் தொடங்கும். மழைக்காலத்துச் சென்னையில் அந்த அளவு சர்வ சாதாரணம். டெசிக்கேட்டரைத் தவிர வேறு இடத்தில் ஆறவைக்கவேண்டாம்.

கணக்கு சொல்வதும் சொல்லாததும்

ஓர் எடுத்துக்காட்டு. எடுத்த கலவை 5.00 கிராம், இரும்பு 0.98. கிண்ணத்தில் போட்டது 4.01, சூடேற்றிய பின் 3.27, ஆகவே நவச்சாரம் 0.74. மணல் 2.11, உப்பு 1.12. கூட்டினால் 4.95 கிராம், அதாவது 99.0 சதவீதம். பங்குகள்: இரும்பு 19.6, நவச்சாரம் 14.8, மணல் 42.2, உப்பு 22.4. காணாமற்போன 0.05 கிராமில் 0.01 காந்தத் தாளில் ஒட்டியது, மிச்சம் 0.04 தண்ணீர் வேலையில் போனது. எந்தப் படியில் எவ்வளவு போயிற்று என்று இப்படிச் சொல்ல முடிவதற்குத்தான் நடுவில் கிண்ணத்தை எடை போட்டது.

மொத்தம் 100ஐத் தாண்டினால் உப்போ மணலோ உலரவில்லை, அல்லது இரும்பு துருப்பிடித்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டது. 95க்குக் கீழே போனால் தெறித்தலையும், இறுத்தும்போது கிண்ணத்தின் வெளிச்சுவரில் வழிந்ததையும் சந்தேகியுங்கள்.

ஆனால் 99 சதவீதம் வந்துவிட்டதாலேயே பிரிப்பு நன்றாக நடந்தது என்று பொருளில்லை. உப்பின் கால் பங்கு மணலோடு தங்கியிருந்தாலும் கூட்டுத்தொகை அதே 99தான் வரும். கூட்டுத்தொகை எது தொலைந்தது என்பதை மட்டும் காட்டும், எது இடம் மாறியது என்பதைக் காட்டாது. அதற்குத்தான் தனித்தனிச் சோதனைகள்: இரும்புக்கு அமிலம், மணல் கழுவிய நீருக்குச் சில்வர் நைட்ரேட், உப்பில் ஒரு சிட்டிகைக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு இளஞ்சூடு. கடைசியதில் அம்மோனியா நெடி வந்தால், அல்லது ஈரச் சிவப்பு லிட்மஸ் நீலமானால், பதங்கமாக்கலைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்.

இரண்டும் வெள்ளைப் பொடியாக இருந்தால்

பென்சாயிக் அமிலமும் நாப்தலீனும் கலந்த பொடியில் காந்தத்துக்கு வேலையில்லை. இரண்டுமே பதங்கமாகும், இரண்டுமே ஈதர் என்ற கரைப்பானில் கரையும். வேறுபடுத்துவது ஒன்றுதான்: ஒன்று அமிலம், மற்றது எதனோடும் சேராத நடுநிலைப் பொருள். அமிலத்தை உப்பாக மாற்றினால் அது ஈதரை விட்டுத் தண்ணீருக்குப் போய்விடும்.

இங்கே சுடர் கூடாது. ஈதர் 35 டிகிரியிலேயே கொதிக்கும், அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மேசையோடு ஊர்ந்து தூரத்துப் பர்னரிலும் பற்றிக்கொள்ளும்.

ஒவ்வொன்றும் 1 கிராம் உள்ள கலவையை 30 மி.லி. ஈதரில் கரைத்து 125 மி.லி. பிரிபுனலில் (மேலே மூடியும் காம்பில் அடைப்பானும் உள்ள புனலில்) ஊற்றுங்கள். 5 சதவீத சோடியம் பைகார்பனேட் கரைசல் 20 மி.லி. சேருங்கள். மூடியைப் போடாமல், நுரை அடங்கும்வரை மெதுவாகச் சுழற்றுங்கள். 1 கிராம் பென்சாயிக் அமிலம் ஏறக்குறைய 200 மி.லி. கார்பன் டை ஆக்சைடைக் கிளப்பும், புனலின் கொள்ளளவே 125 மி.லி. மூடிவிட்டு வேகமாகக் குலுக்கினால் மூடி பறக்கும். அடங்கிய பின் மூடி, கவிழ்த்து, காம்பு யாரையும் நோக்காமல் அடைப்பானைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் இப்படி ஒருமுறை.

ஈதரின் அடர்த்தி 0.71, ஆகவே தண்ணீர் கீழே. ஈதருக்குப் பதில் டைகுளோரோமீத்தேன் எடுத்தால் தண்ணீர் மேலே வரும். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு எந்த அடுக்கில் கலக்கிறது என்று பாருங்கள். விளைபொருள் கையில் வரும்வரை எந்த அடுக்கையும் கொட்டாதீர்கள். அடுக்குகள் பிரியாமல் பால்போல நின்றால் பூரித உப்புக்கரைசல் சில மி.லி. விட்டு, குலுக்காமல் சுழற்றுங்கள். கீழடுக்கை இறக்கிவிட்டு, இன்னொரு 20 மி.லி. பைகார்பனேட்டால் மறுபடி எடுங்கள்.

இரு நீரடுக்குகளையும் 250 மி.லி. பீக்கரில் சேர்த்து, பனிக்கட்டியில் வைத்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சுமார் 2 மி.லி. ஆகும். மிஞ்சிய பைகார்பனேட்டும் நுரைக்கும், அதனால்தான் பெரிய பீக்கர். பி.எச். தாளில் 2 காட்டும்வரை விடுங்கள், நுரை நின்றதை வைத்து முடிவு செய்யவேண்டாம். வெள்ளையாக விழும் பென்சாயிக் அமிலத்தைப் பூக்னர் புனலில் (உறிஞ்சி வடிக்கும் புனலில்) வடித்து, பனிக்குளிர் நீரால் மிகக் கொஞ்சமாகக் கழுவுங்கள். 25 டிகிரியில் இந்த அமிலம் லிட்டருக்கு 3.4 கிராம் கரையும், 0 டிகிரியில் 1.7 கிராம்தான். 45 மி.லி. நீரில் அந்த வித்தியாசம் 0.15 கிராம் இழப்புக்கும் 0.08 கிராம் இழப்புக்கும் உள்ள வித்தியாசம்.

ஈதர் அடுக்கில் நீரற்ற சோடியம் சல்பேட் 2 கிராம் போட்டுச் சுழற்றுங்கள். துகள்கள் கட்டிபிடிக்காமல் தனித்தனியாக ஓடினால் ஈரம் போயிற்று. வடித்து, வெந்நீர்த் தொட்டியில் ஈதரை ஓட்டுங்கள். ஈதர் போனதும் உடனே எடுத்துவிடுங்கள், நாப்தலீனும் பின்னாலேயே கிளம்பும். உருகுநிலை நாப்தலீனுக்கு 80, பென்சாயிக் அமிலத்துக்கு 122 டிகிரி. நாப்தலீன் 70இலேயே இளகத் தொடங்கினால் அமிலம் மிச்சம் இருக்கிறது, எத்தனாலில் மறுபடிகமாக்குங்கள் (சூடாகக் கரைத்து, ஆறவிட்டு, மறுபடி படிகமாக்குங்கள்).

கலவையில் பீனால் வகைப் பொருளும் இருந்தால் மறுபடியும் வரிசை வந்து நிற்கும். பைகார்பனேட் பென்சாயிக் அமிலம் போன்ற கார்பாக்சிலிக் அமிலத்தை மட்டும் எடுக்கும், சோடியம் ஹைட்ராக்சைடு இரண்டையும் எடுக்கும். ஹைட்ராக்சைடை முதலில் ஊற்றினால் இரண்டும் சேர்ந்து இறங்கிவிடும். குறிப்பாக 2-நாப்தால் இருந்தால் எச்சரிக்கை, அதன் உருகுநிலையும் 122 டிகிரி அளவுதான். உருகுநிலை மட்டும் பார்த்து அதைப் பென்சாயிக் அமிலம் என்று எழுதிவிடுவது எளிது. பைகார்பனேட்டில் நுரைக்கிறதா என்று பார்த்தால் ஐயம் தீரும்.

வெடியுப்பும் கறியுப்பும்

வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட்டும் கறியுப்பான சோடியம் குளோரைடும் இரண்டுமே தண்ணீரில் கரையும். சூட்டுக்கு அவை நடந்துகொள்ளும் விதம்தான் வேறு. 100 கிராம் தண்ணீரில் வெடியுப்பு 80 டிகிரியில் 169 கிராம், 20 டிகிரியில் 32, 0 டிகிரியில் 13 கிராம் கரையும். கறியுப்பு அதே மூன்று சூட்டில் 38, 36, 36.

20 கிராம் வெடியுப்பும் 5 கிராம் உப்பும் கலந்ததை 20 மி.லி. தண்ணீரில் 80 டிகிரியில் கரையுங்கள். தூசு இருந்தால், முன்கூட்டியே சூடாக்கிய புனலில் வடியுங்கள். குளிர்ந்த புனலில் காம்பிலேயே படிகம் கட்டி அடைத்துவிடும். மூடி வைத்து, அறைச் சூட்டுக்குத் தானாக ஆறவிட்டு, பிறகே பனிக்கட்டியில் வையுங்கள். சுமார் 17 கிராம் வெடியுப்பு ஊசி ஊசியாக வெளிவரும். உப்பு 5 கிராமும் கரைசலிலேயே நிற்கும், 0 டிகிரியில்கூட அந்த 20 மி.லி. தண்ணீருக்கு 7 கிராம் தாங்கும். கொதிக்கவிட்டுத் தண்ணீரை 14 மி.லி.க்குக் கீழே வற்றவிட்டால் உப்பும் சேர்ந்து விழத் தொடங்கும், ஆகவே தண்ணீர் அளவைக் கவனியுங்கள். சூட்டோடு நேராகப் பனிக்கட்டியில் வைத்தாலும் கேடு. பொடிப் படிகங்கள் அவசரமாகக் கூடித் தாய்க்கரைசலை (படிகம் போக மிஞ்சிய கரைசலை) தங்களுக்குள் அடைத்துக்கொள்ளும். 3 மி.லி. பனிக்குளிர் நீரால் ஒருமுறை கழுவி, சில்வர் நைட்ரேட்டால் சோதியுங்கள். வெண்மை அடர்த்தியாக வந்தால், கழுவிக்கொண்டே இருக்காமல் மறுபடிகமாக்குங்கள். கழுவும் ஒவ்வொரு மி.லி.யும் கொஞ்சம் வெடியுப்பைக் கரைத்துக்கொண்டு போகும்.

இந்தப் படிகங்களை வடிதாளோடு சேர்த்து ஓவனில் போடாதீர்கள், வாட்ச் கிளாஸில் பரப்பி உலர்த்துங்கள். நைட்ரேட் ஊறிய தாள் ஒரு பொறி பட்டாலும் வேகமாக எரியும். அந்தத் தாளைத் தண்ணீரில் அலசிய பிறகே குப்பையில் போடவேண்டும். ஈதர்க் கழிவு தனிப் புட்டிக்கு, சில்வர் நைட்ரேட் பட்ட நீர் வெள்ளிக் கழிவுப் புட்டிக்கு, அமில நீரை நடுநிலையாக்கிய பிறகு தொட்டிக்கு. மணலைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும், அது அடுத்த குழுவின் கலவைக்காகத் தனிப் புட்டியில்.